வாளியை வெளியே வையுங்கள்

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, முதலில் உங்கள் வாயிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்கி எறிய வேண்டும். வீட்டுக்கார அம்மா, "இது சரியாப் போக மாட்டேங்குதுங்க" என்று சொன்னவுடன், கையில் இருக்கிற ரெஞ்சைக் கீழே வைப்பதற்கு முன்பே நம் நாக்கில் ஒன்று வந்து நிற்குமே: "நீங்க சரியா இழுக்கலைம்மா." அதைத்தான் சொல்கிறேன். அதை நான் எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. சொல்லிவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி அவர்கள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் காப்பிகளுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். காப்பி நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

இப்போது நீங்கள் மாட்டுகிற கக்கூஸ் டாங்கியில் இரண்டு பொத்தான் இருக்கிறது. பெட்டியின் மேலே பச்சை இலை போட்டுத் தண்ணீர் சிக்கனம் என்று அச்சடித்திருக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலது தோள் அரிக்கும். ஏன் அரிக்கிறது என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு கோடை. கொட்டகுடி ஆற்றில் மணல் மட்டும்தான் ஓடியது. போடியில் தெருக் குழாய் மூன்று நாளைக்கு ஒரு முறை இருமியது. அந்த இருமலுக்கே குடங்கள் வரிசை கட்டி நின்றன. கிணறு உள்ள வீட்டிலும் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றைக் குடித்துக்கொண்டு ஊளையிடும். இந்த நேரத்தில் மதுரையில் ஒரு கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, புதுசாக வந்த பிளாஸ்டிக் பிளஷ் டாங்கி ஒன்றைக் காட்டினார். பழைய வார்ப்பிரும்பு டாங்கியில் பாதிகூட இல்லை, பொம்மை மாதிரி இருந்தது. "மேஸ்திரி, தண்ணி பாதி, வேல முழுசு" என்றார். கக்கூஸ் கோப்பைக்குள் நாலு எலுமிச்சம்பழத்தைப் போட்டுச் சங்கிலியை இழுத்துக் காட்டினார். நாலும் போய்விட்டன. நான் அசந்துபோனேன். எந்த வீட்டிலும் யாரும் எலுமிச்சம்பழம் போகப் போவதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூடவே ஒரு ஷவர் தலையும் கொடுத்தார். ஓட்டைகள் ஊசிமுனை அளவு. கொஞ்சம் தண்ணீரில் மேல் முழுக்க நனையும் என்றார்.

வாங்கி வந்த முதல் செட்டை என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி சுருளியின் ஏலத்தோட்டத்தில் மாட்டினேன். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் இருக்கிறது தோட்டம். காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் நசுங்கிக்கொண்டு, மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு அந்தப் பெண்கள், "மேஸ்திரி, பிள்ளைய எறக்கி வையுங்க, கால் மரத்துப் போகும்" என்று சிரித்தார்கள். தோட்டத்தில் இருந்த இரண்டு அறைக் கட்டடத்தில் மாட்டி முடித்ததும் சுருளி உள்ளே போய்க் குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் ஓடி வந்தான்.

"மாப்ளே! என்னடா இது, முதுகுல ஊசி ஊசியாக் குத்துது. ஒட்டியிருந்த அட்டை கூடக் கழண்டு ஓடிருச்சுடா!"

டாங்கியையும் இழுத்துப் பார்த்தோம். போன வேகத்தில் அது போடி ஊருக்கே வந்து சேர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பம். மலையில் தண்ணீர் வருவது எங்கிருந்து? கட்டடத்துக்கு மேலே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் ஓர் ஊற்று. அங்கிருந்து ரப்பர் குழாயில் இறங்குகிறது. அந்த வேகத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டு மாட்டினாலும் ஷவர்தான். கழிவுக் குழாயும் மலைச்சரிவிலேயே செங்குத்தாக இறங்குகிறது. உள்ளே விழுந்தது எதுவும் நின்று யோசிக்க வழியில்லை. வேலை செய்தது மலை. பெயர் வாங்கிக்கொண்டது நான். கீழே ஊரில் தண்ணீர்த் தொட்டி குளியலறைக் கூரையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஷவருக்கும் தொட்டிக்கும் ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. கழிவுக் குழாய் கொல்லை முழுக்கப் படுத்துக்கொண்டு போய்க் கடைசி மூலையில் இருக்கிற குழியில் சேரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அத்தனை தொட்டிகளையும் கட்டியவனே நான்தான்! மகிழ்ச்சி வந்தால் அறிவு லீவு போட்டுவிடும், தம்பிகளா.

ஊருக்கு இறங்கிய கையோடு என் வீட்டிலேயே ஒரு செட் மாட்டினேன். கேட்டு வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமே. கக்கூசையும் குளியலறையையும் ஒரே அறையில் வைத்தேன், அது அந்நாளைய நாகரிகம். ஆள் வந்தால் நான் கதவைத் திறந்து, கண்காட்சியில் யானையைக் காட்டுவது மாதிரி காட்டி, டாங்கியை இழுப்பேன். கோப்பை பளிச்சென்று இருக்கும். என் மனைவி செல்லம் பின்னால் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். பெருமையில் வாயடைத்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடைக்குள் இப்படிப் பல வீடுகளில் மாட்டினேன். அதில் ஒரு வீடுதான் டீச்சர் வீடு.

டீச்சர் சுருளியின் அக்கா. ராசிங்காபுரத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை. போடியில் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அதற்கு முந்தைய ஐப்பசியில் தோட்டத்திலிருந்து இறங்கும்போது ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்து, அவருக்கு இடுப்பும் வலது தோளும் போயின. மதுரையில் கிடந்து எழுந்து வந்தார். வலது கை மேலே எழவில்லை. குனியக் கூடாது, குத்துக்கால் போட்டு உட்காரக் கூடாது. தம்பி பெண்டாட்டி இரண்டு தெரு தள்ளியிருந்து காலையும் மாலையும் வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவி, குளிப்பாட்டிவிட்டுப் போனாள்.

சுருளி நல்லவன். நல்லவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவன் தீர்மானம் செய்துவிட்டான்: பள்ளிக்கூடம் திறப்பதற்குள் டீச்சரால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவன் வீட்டோடு வந்துவிட வேண்டும், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "மேஸ்திரி, நீங்க மாட்டுறது ஒத்தக் கைக்கு ஆகுமா? எனக்கு யாரையும் கூப்பிடாம உள்ள போயிட்டு வரணும். அம்புட்டுத்தேன். கக்கூசுக்குப் போக ஒருத்தரக் கூப்பிடணும்னா அப்பறம் இது என் வீடு இல்ல."

"சுண்டு விரல் போதும் டீச்சர்" என்றேன். சொல்லும்போது சுண்டு விரலைக் காட்டினேன் வேறு.

உட்காருகிற கோப்பை, சின்ன டாங்கி, ஊசி ஷவர் எல்லாம் சித்திரைக்குள் தயார். இரண்டு நாளில் ஆள் வந்தது: போக மாட்டேன் என்கிறது. போனேன், இழுத்தேன், போனது. "ஒரே தம்ல இழுக்கணும் டீச்சர். பாதியில விட்டா டாங்கி கோவிச்சுக்கும்." ஒரு வாரம் கழித்து மறுபடியும். கொல்லையில் குழாய் நடுவில் அடைத்திருந்தது. குத்திவிட்டேன். "கொஞ்சம் பழகணும் டீச்சர்." மூன்றாம் முறை போனபோது அவர் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் சீயக்காய் காய்ந்து மண் மாதிரி ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துவிட்டுத் தனியாகக் குளித்துப் பார்த்திருக்கிறார்.

நான் ஷவரைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி வருதே டீச்சர்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வகுப்பில் கடைசிப் பெஞ்சைப் பார்க்கிற பார்வை பார்த்தார். "ஒங்க வீட்லயும் இதேதான மாட்டிருக்கீக?"

"ஆமா டீச்சர்."

"நல்லாப் போகுதா?"

"ஒரு கொற கெடையாது."

"அப்ப நாளைக்குச் சனிக்கெழம. ஒங்களுக்கும் எண்ணெய்க் குளியல்தான? வலது கைய ஒடம்போட சேத்துக் கட்டிக்கங்க. குனியக் கூடாது. அப்படியே உள்ள போயிட்டு, எண்ணெய் போகக் குளிச்சிட்டு வாங்க. வந்து நல்லாப் போச்சுன்னு சொல்லுங்க. அதுக்குமேல நான் கொற சொல்லல. சுருளி சொன்னபடி கெளம்பிர்றேன்."

இதில் என்ன சவால் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காலை தலை முழுக்க நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு, செல்லத்திடம் துண்டைக் கொடுத்து வலது கையைக் கட்டச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவள் தேவைக்கு மேலேயே இறுக்கிக் கட்டினாள்.

"ரெண்டு வாளி நெப்பி உள்ள வைக்கட்டுமா?" என்றாள்.

"எதுக்கு? டீச்சர் வீட்ல வாளி தூக்க ஆளில்ல. உள்ள இருக்கிற வாளியவும் வெளிய எடு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எடுத்துர்றேன்" என்று உள்ளே நிரம்பியிருந்த இரண்டு வாளிகளையும் வெளியே கொண்டுவந்து வைத்தாள். அவை ஏன் நிரம்பியிருந்தன என்று அப்போதாவது நான் கேட்டிருக்கலாம்.

கதவைச் சாத்தினேன். முதல் வேலை முடிந்தது. இடது கையால் டாங்கியை இழுத்தேன். ஒரே தம்மில்தான் இழுத்தேன், என் பாடம் எனக்குத் தெரியாதா? தண்ணீர் வந்தது. உள்ளே இருந்தது தேர் மாதிரி கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. சரி, டாங்கி நிறையட்டும் என்று காத்திருந்தேன். எண்ணெய் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் தேர் நிலைக்கு வந்தது. மூன்றாவது முறை இழுத்தபோது, போவதற்குப் பதிலாகத் தண்ணீர் மட்டம் மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. அது ஏறுவதைப் பார்த்தபடி, குனியக் கூடாத ஒற்றைக் கை மனிதன் என்ன செய்ய முடியும்? கால் விரலில் எக்கி நின்றேன்.

அது விளிம்பிலேயே நின்றுவிட்டது. குலசாமி காப்பாற்றியது. டாங்கி நிறைவதற்குள் குளித்துவிடலாம் என்று தலையில் சீயக்காயை அப்பிக்கொண்டு ஷவரைத் திறந்தேன். டாங்கி பாதித் தண்ணீரை வாங்கிக்கொள்ள, ஷவரிலிருந்து நூல் நூலாக ஏழெட்டு இழை வந்தது. அதிலும் பாதி, எங்கள் கிணற்று உப்புக்கு ஓட்டை அடைத்துப்போய், பக்கத்துச் சுவரில் பீய்ச்சியது. சுவர் நன்றாகக் குளித்தது. என் தலையில் எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து களியாகி, வழிந்து, இரண்டு கண்ணிலும் நெருப்பு வைத்தது. துடைக்க வலது கை போனது, வரவில்லை. அந்தத் தோள்தான் இன்றைக்கும் அரிக்கிறது.

"செல்லம்!"

"என்னங்க?"

"ஒரு வாளித் தண்ணி கொண்டா! வெரசா!"

"வாளி வேண்டாம்னீக?"

"அடியேய், கண்ணு எரியுது!"

"சரியாத் தொறந்தீகளா? கொஞ்சம் பழகணும்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்துகொண்டு, இடுப்பில் ஒரு துண்டும் தோளில் ஒரு துண்டுமாக வெளியே வந்து நின்றேன். அவள் சிரிக்கவில்லை. வாளியை எடுத்து என் தலையில் ஊற்றினாள். இரண்டாவது வாளியை உள்ளே கொண்டுபோய்க் கோப்பையில் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக வீசினாள். போய்விட்டது. அந்த வீச்சைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது, அது ஒருநாள் பழக்கம் இல்லை.

"எத்தன நாளா இப்படி?"

"நீங்க மாட்டுன மறுநாள்ல இருந்து. ஒங்களுக்குப் பின்னாடி தெனம் நாந்தேன் ஊத்துறேன். ஆளுகளக் கூட்டிட்டு வந்து காட்டுறீகள்ல? தெருமுனையில ஒங்க சத்தம் கேட்டதும் ஓடிப் போயி ரெண்டு வாளி ஊத்தி வச்சிருவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். பொங்கலுக்கு முந்தியே சொன்னேன். 'நீ சரியா இழுக்கல'ன்னீக."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"எனக்கு ரெண்டு கை இருக்கு, ஊத்துறேன். டீச்சர் என்ன செய்வாக? கோயில்ல பாத்தப்ப எங்கிட்ட சொன்னாக. பொழுது விடிஞ்சதுல இருந்து தம்பி பொண்டாட்டி சாயந்தரம் வர்ற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறதில்லையாம். இந்த வெயில்ல! உள்ள போனா ஒங்க டாங்கிகிட்ட மல்லுக்கட்ட முடியலன்னு. ஒங்ககிட்டச் சொல்ல வெக்கம் அவுகளுக்கு."

தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் மாட்டிய சாமானில் மிச்சமானது அந்தத் தண்ணீர்தான், தம்பிகளா. டீச்சர் குடிக்காமல் விட்ட தண்ணீர்.

அன்று மாலையே போனேன். சுருளியின் ஜீப் வாசலில் நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி ஏற்கனவே ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள். டீச்சர் என் சிவந்த கண்களைப் பார்த்தார். நான் ஒன்றும் விவரிக்க வேண்டியிருக்கவில்லை.

"கோளாறு ஒங்க கையில இல்ல டீச்சர்" என்றேன். "எங்கிட்ட இருக்கு."

சுருளி, "விடு மாப்ளே, எதுக்கு ஒனக்கு இந்தச் சோலி? அக்காவ நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

"பாத்துக்கிறது வேற சுருளி, நான் இருக்கிறது வேற" என்றார் டீச்சர். பிறகு என்னிடம், "எத்தன நாள் ஆகும்?"

கவனியுங்கள், நம் தொழிலில் மனிதனை நிறுத்துப் பார்க்கிற இடம் இதுதான். "ரெண்டு நாள்ல முடிச்சிர்றேன்" என்பது என் வாயில் தயாராக இருந்தது. டாங்கியை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டு, புதுத் தரையை உடைக்காமல், மரியாதையும் உடையாமல் வந்துவிடலாம். ஒரு மாதம் ஓடும். அப்புறம் கொல்லையில் படுத்திருக்கும் அந்தக் குழாய் மறுபடியும் அடைக்கும். அன்றைக்கு டீச்சர் வகுப்பிலிருந்து அவசரமாக வீட்டுக்கு வந்து, உள்ளே தனியாக நிற்பார்.

"எட்டு நாள். நான் போட்ட தரைய நானே ஒடைக்கணும். அப்பறமும் சரியா வரலன்னா சாமான நானே ஜீப்புல ஏத்துறேன்."

"பெரிய டாங்கி வச்சாக் கெணத்துல தண்ணி ஏது?"

"மூணு தடவ இழுத்தும் போகாத சின்ன டாங்கிதான் டீச்சர் நெறையக் குடிக்கும். இது ஒரு தடவ. அதோட, நீங்க குளிக்கிற தண்ணிய அதே குழாயோட மேல்முனையில கொண்டாந்து விடுறேன். அது பின்னாடியே வந்து தள்ளிக்கிரும்."

டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

அந்த எட்டு நாளின் வேலையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொட்டியைத் தூண் கட்டி உயர்த்தியதும், குழாயைப் பெயர்த்துச் சரிவு கொடுத்துப் பதித்ததும் நீங்கள் தினமும் செய்கிறதுதான். ஊசி ஷவரைக் கழற்றி எறிந்துவிட்டு, பூவாளித் தலை மாதிரி பெரிய ஓட்டை போட்ட ஒன்றை மாட்டினேன். டாங்கிச் சங்கிலியை இடது கைப் பக்கம் இறக்கினேன். செல்லம் இரண்டு முறை வந்து பார்த்து, சங்கிலி இன்னும் ஒரு சாண் இறங்க வேண்டும் என்றாள். இறக்கினேன். வாதாடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் காலை. சுருளி ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றான். குளியலறையில் தம்பி பெண்டாட்டி வைத்திருந்த வாளி ஒன்று நிரம்பி இருந்தது. நான் அதை எடுத்து வெளியே வைத்தேன். டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே நாங்கள் இரண்டு பேரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மாதிரி நேரத்தில் ஆண்பிள்ளைகள் பார்க்க வேறு இடம் கிடையாது.

சங்கிலிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு முறை. பிறகு பெரிய டாங்கி தன் வயிற்றைக் காலி செய்கிற சத்தம். நான் கொல்லைக் கடைசிக்கு ஓடி, குழியின் மூடியைத் தூக்கிக் காதை வைத்தேன். வந்து விழுந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக எதையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் ஷவர் விழுகிற சத்தம். நல்ல கனமான சத்தம்.

தலையில் ஈரத் துண்டோடு டீச்சர் வெளியே வந்தார். நேரே அடுப்படிக்குப் போனார். பானையிலிருந்து இடது கையால் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, எங்கள் முன்னால் வந்து நின்று, அண்ணாந்து ஒரே மூச்சில் முழுச் செம்பையும் குடித்தார். இன்னொரு செம்பு மொண்டு அதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "சுருளி, ஜீப்ப எடுத்துட்டுப் போ. வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிது" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ராசிங்காபுரம் பஸ்சில் போனார்.

ஆகவே தம்பிகளே, வேலை முடிந்ததும் அந்த வீட்டில் நிரம்பி நிற்கிற வாளியைத் தேடிப் பிடித்து வெளியே வையுங்கள். அதற்கப்புறம் இழுத்துப் பாருங்கள். அது போனால்தான் உங்கள் வேலை. வாளி உள்ளே இருக்கிற வரைக்கும், அது யாரோ ஒருவருடைய இடுப்பும் கையும் செய்கிற வேலை. கூலி மட்டும் நீங்கள் வாங்குகிறீர்கள்.

மாட்டிய மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய் மாற்றிக் கொடுத்தேன். வைதார்கள், வாங்கிக்கொண்டேன். காப்பி யாரும் தரவில்லை. என் வீட்டு முறை வரும்போது ஆடி பிறந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டு, இரண்டு வாளியையும் நானே தூக்கி வெளியே வைத்தேன். செல்லம் உள்ளே போனாள். நான் கொல்லையில், வேறு வழியில்லாமல், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாங்கிச் சத்தம் ஓய்ந்தது. கதவு திறந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டி அவள் கேட்டாள்:

"என்னங்க, சரியா இழுத்தேனா?"